தொல்லை இல்லாத பிராணி என்று சொன்னது யார்?

சென்ற மாதம் முன்பின் தெரியாத ஒருவர் போன் செய்தார். என் பழைய அலுவலக நண்பர் நம்பர் கொடுத்திருக்கிறார். "சார், பொண்ணு பத்தாவது முடிச்சிட்டா. சின்சில்லா வாங்கித் தரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. நாங்களும் விசாரிச்சோம். குரைக்காது, நாத்தம் கிடையாது, குளிப்பாட்ட வேண்டாம், வாக்கிங் கூட்டிட்டுப் போக வேண்டாம். ஏசி ரூம்ல ஒரு மூலையில கூண்டை வெச்சாப் போதும்னு கடையில சொல்றாங்க. தொல்லையே இல்லாத பிராணியாமே. நீங்க வளர்க்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன். நெஜந்தானா சார்?"

நிஜமில்லை என்றேன். அவருக்கு ஏமாற்றம், குரலிலேயே தெரிந்தது. அன்று அரை மணி நேரம் பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். அவர் சொன்னது அவருடைய கருத்து மட்டுமாக இருந்தால் போனோடு விட்டிருப்பேன். செல்லப்பிராணிக் கடையில் இதையேதான் சொல்லி விற்கிறார்கள். ஃபிளாட்டில் இருப்பவர்கள் இதையேதான் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்துகொள்கிறார்கள். நாய் வளர்க்க இடமில்லை, பூனை அம்மாவுக்குப் பிடிக்காது, அப்படியானால் சின்சில்லா என்று ஆகிவிட்டது.

எங்கள் நங்கநல்லூர் வீட்டில் எட்டு வருடமாக ஒரு சின்சில்லா இருக்கிறது. வெளிநாடு போன ஒரு குடும்பம் விட்டுச் சென்றது. பெண். சாம்பல் நிறம். வரும்போது மூன்று வயது, இப்போது பதினொன்று. மிளகு என்று பெயர் வைத்தோம். நான் சொல்லப்போவதில் பாதி படித்துத் தெரிந்துகொண்டது, பாதி அவளைத் தவறாக வளர்த்துத் தெரிந்துகொண்டது.

குரைக்காது என்ற முதல் வாதத்தையே எடுத்துக்கொள்வோம். உண்மைதான், நாய் போலக் குரைக்காது. ஆனால் வலித்தாலும் ஏன் சத்தம் போடுவதில்லை என்று யாராவது யோசித்தார்களா? சின்சில்லா தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப் பக்கத்துப் பிராணி. பாறை இடுக்கில் கூட்டமாக வாழும். நரிக்கும் ஆந்தைக்கும் இரை. நலிந்த பிராணியைத்தான் வேட்டை மிருகம் முதலில் குறிவைக்கும். அதனால் வலித்தாலும் வெளியே காட்டாமல் இருப்பது இதன் ரத்தத்தில் ஊறிய பழக்கம். நாய்க்கு வயிறு வலித்தால் முனகும், காலைச் சுற்றும், முகத்தைப் பார்க்கும். சின்சில்லா வழக்கம்போல உட்கார்ந்திருக்கும். நம் கண்ணுக்கு "சமத்தாக இருக்கிறது" என்று தோன்றும் நாளில் அது இரண்டு நாளாக ஒழுங்காகத் தின்னாமல் இருந்திருக்கலாம்.

மிளகு வந்த இரண்டாம் வருடம் இதை அனுபவித்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தராசில் அவளை நிறுத்தினால் 548 கிராம். மூன்று வாரம் முன்பு 610. நடுவில் இரண்டு வாரம் நான் எடை பார்க்கவில்லை. பார்வைக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. அந்த அடர்ந்த ரோமத்துக்குள் உடம்பு இளைத்தது எப்படித் தெரியும்? அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. காய்ந்த புல்லை இழுக்கிறாள், இரண்டு கடி கடித்துவிட்டுப் போடுகிறாள். தாடைக்குக் கீழே ரோமம் லேசாக ஈரமாக ஒட்டிக்கிடக்கிறது. இடது கண் ஓரத்தில் ஒரு பளபளப்பு. கால்நடை டாக்டரிடம் கொண்டுபோனேன். அவர் என் விரலைப் பிடித்து அவளுடைய கீழ்த்தாடையின் அடிப்பகுதியில் தடவச் சொன்னார். வழவழப்பாக இருக்க வேண்டிய எலும்பில் கடுகு அளவுக்குச் சின்னச் சின்ன மேடுகள்.

சின்சில்லாவுக்கு 20 பற்கள். இருபதும் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும்தான் வளரும், ஒரு மரக்கட்டையைப் போட்டால் கடித்துத் தேய்த்துக்கொள்ளும் என்று நினைக்கிறார்கள். கடைவாய்ப் பல்லும் வளரும். அது தேய்வது நாள் முழுக்கப் புல்லை அரைத்தால் மட்டுமே. தேயாவிட்டால் மேல்முனை கன்னத்தையும் நாக்கையும் குத்தும். வேர் மேலே கண் பக்கமாகவும் கீழே தாடை எலும்புக்குள்ளும் தள்ளிக்கொண்டு போகும். அந்த மேடுகள் அதுதான். வாயைத் திறந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. மயக்கம் கொடுத்து, கருவி வைத்துப் பார்க்க வேண்டும், எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மிளகுக்கு அந்த வருடமே பல் ராவினார்கள். வேர் வளர்ந்தது வளர்ந்ததுதான், திரும்பாது. இவ்வளவு நடந்தும் அவள் ஒரு சத்தம் போடவில்லை. தொல்லை கொடுக்கவில்லை. எனக்கு அந்தச் சொல்லின் மேல் கோபம் வந்தது அன்றைக்குத்தான்.

இனி ஏசி. "ஏசி போட்டால் போதும்" என்பதைச் சொல்பவர்கள் தங்களைத் தெளிவானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சின்சில்லாவுக்கு வெயில் ஆகாது என்பது வரைக்கும் தெரிந்திருக்கிறது அல்லவா! ஆனால் ஏன் ஆகாது, எவ்வளவு ஆகாது என்பது தெரியவில்லை.

நம் தலையில் ஒரு மயிர்க்காலில் ஒன்றோ இரண்டோ முடி வளரும். சின்சில்லாவுக்கு ஒரே மயிர்க்காலில் 60க்கும் மேல். ஒரு சதுர சென்டிமீட்டரில் 20,000க்கும் அதிகமான முடி. தரையில் வாழும் பாலூட்டிகளில் இவ்வளவு அடர்ந்த ரோமம் வேறெதற்கும் கிடையாது. அதற்கு வியர்க்கவும் வியர்க்காது. உடம்புச் சூட்டை வெளியேற்ற அந்தப் பெரிய காதுகளைத்தான் நம்பியிருக்கிறது. சூடு ஏறினால் காது மடலின் நரம்பு புடைத்துச் சிவக்கும்; அதுதான் நமக்குக் கிடைக்கும் ஒரே முன்னெச்சரிக்கை. அதற்கு அடுத்தது ஒருக்களித்துப் படுத்து மூச்சு வாங்குவது. அந்தக் கட்டத்தில் நாம் ஆட்டோ பிடிப்பதற்குள் முடிந்துவிடும். 25 டிகிரியைத் தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

வெப்பம் மட்டும் கணக்கில்லை. காற்றின் ஈரமும் சேர்த்தி. வளர்ப்பவர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு: வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, ஈரப்பத சதவீதத்தை அதோடு கூட்டினால் 150க்குள் இருக்க வேண்டும். சென்னையில் மே மாத ராத்திரி பத்து மணிக்கு 30 டிகிரி, அதாவது 86 ஃபாரன்ஹீட், ஈரப்பதம் 75. கூட்டினால் 161. பகலில் கூட அல்ல, நாம் மொட்டை மாடியில் காற்று வாங்கும் நேரத்தில்!

அப்படியானால் ஊட்டி, கொடைக்கானலில் வளர்க்கலாமே என்பார்கள். என்னிடமே பலர் கேட்டிருக்கிறார்கள். குளிர் இருக்கிறது, சரி. ஆனால் சிலி நாட்டில் இந்தப் பிராணி இன்றைக்கும் காட்டில் மிஞ்சியிருக்கும் முக்கியமான இடம் இல்லாப்பெல் என்ற ஊருக்குப் பக்கத்து வறண்ட மலைச்சரிவு. கற்றாழையும் முட்புதரும் பாறையும்தான் அங்கே. மழை அபூர்வம். தண்ணீரைக்கூட செடியிலிருந்தும் பனித்துளியிலிருந்தும் எடுத்துக்கொள்ளப் பழகிய உயிர் இது. அதை ஜூலை மாதத்து ஊட்டி மூடுபனியில், துவைத்த துணி நாலு நாள் காயாத வீட்டில் வைத்தால் ரோமத்துக்கு அடியில் ஈரம் தங்கும், படர்தாமரை வரும். குளிரும் வேண்டும், வறட்சியும் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைக்கிற ஊர் நம் தமிழ்நாட்டில் எது?

ஆகவே ஏசி என்பது இருபத்து நாலு மணி நேரமும், வருடத்தில் பெரும்பாலான நாட்களும். நாம் ஊருக்குப் போனாலும், வீட்டில் யாரும் இல்லாவிட்டாலும். கல்யாணத்துக்கு மூன்று நாள் திருநெல்வேலி போகிறோம் என்றால் அந்த மூன்று நாளும் ஏசி ஓடும் வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும். நாங்கள் குடும்பமாகச் சேர்ந்து வெளியூர் போய் எட்டு வருடம் ஆகிறது. இதைப் புலம்பலாகச் சொல்லவில்லை. கடையில் சொல்ல மறந்த செலவுக் கணக்கில் இதுவும் ஒன்று.

கரண்ட் போனால்? மூன்று வருடம் முன்பு ஒரு மே மாதம், ராத்திரி பத்தரை மணிக்குத் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. எங்கள் இன்வர்ட்டர் ஃபேனையும் லைட்டையும் தாங்கும், ஏசியைத் தாங்காது. ஃப்ரீசரில் எப்போதும் நாலு பாட்டில் தண்ணீரை உறைய வைத்திருப்போம். அவற்றைத் துண்டில் சுற்றிக் கூண்டுக்குள் வைத்தோம். கீழே ஒரு கடப்பாக்கல் துண்டு. அதன்மேல் வயிற்றைப் பரப்பிக்கொண்டு படுத்தாள். ஒன்றரை மணி நேரத்தில் அறை 24லிருந்து 31க்கு வந்துவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் காது இளஞ்சிவப்பிலிருந்து செம்பருத்தி நிறத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறது. என் மனைவி பயணக்கூண்டில் அவளை எடுத்துக்கொண்டு கீழே இறங்க, காரைத் தெருவில் நிறுத்தி ஏசியைப் போட்டு உட்கார்ந்தோம். விடியற்காலை மூன்று மணிக்குக் கரண்ட் வந்தது. மடியில் இருந்த கூண்டுக்குள் அவள் தன் பாட்டுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அன்று அந்த ஐஸ் பாட்டிலைத் துண்டில் சுற்றும்போது எனக்கு மத்தியாஸ் சாப்மன் நினைவு வந்தார். சிலியின் போட்ரெரியோஸ் செப்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த அமெரிக்கப் பொறியாளர். ஆட்களை அமர்த்தி, ஆண்டுக்கணக்கில் மலையில் தேடி, பிடித்துச் சேர்த்த சின்சில்லாக்கள் பதினொன்றே பதினொன்று. அவற்றை ஒரேயடியாகக் கடலோரத்துக்குக் கொண்டுவரவில்லை. உயரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்கிப் பழக்கினார். கப்பலில் கூண்டுகளுக்கு ஐஸ் வைத்துக் குளிர வைத்தபடி 1923இல் கலிபோர்னியாவில் கொண்டு சேர்த்தார். இன்று உலகம் முழுக்கக் கூண்டில் வளரும் சின்சில்லாக்களில் பெரும்பாலானவை அந்தப் பதினொன்றின் வழியில் வந்தவை என்று சொல்கிறார்கள். மிளகின் பாட்டிகளும் ஐஸ்கட்டியோடுதான் ஊர்விட்டு ஊர் வந்திருக்கிறார்கள்.

இங்கே ஓர் எதிர்வாதம் வரும். அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது, ஏனென்றால் இருப்பவற்றில் அதுதான் வலுவானது. "நூறு வருடமாகக் கூண்டில் வளர்ந்த பரம்பரை, இது காட்டுப் பிராணி இல்லை, நாயும் மாடும் மாறியது போல இதுவும் மனிதனோடு வாழப் பழகியிருக்கும்" என்பார்கள். நூறு வருடம் என்பது சரி. ஆனால் அந்த நூறு வருடம் இதை எதற்காக வளர்த்தார்கள்? சாப்மன் இதைப் பிடித்தது செல்லம் கொஞ்ச அல்ல, தோலுக்கு. ஒரு கோட்டு தைக்க நூறுக்கு மேல் தோல் வேண்டும். 1828க்கும் 1916க்கும் நடுவில் சிலியிலிருந்து மட்டும் 70 லட்சத்துக்கு மேல் தோல்கள் ஏற்றுமதியாகி, மலையில் பிராணியே அருகிப்போன பிறகுதான் பண்ணை வந்தது. சிலி, அர்ஜென்டினா, பொலிவியா, பெரு நாலு நாடுகளும் 1910இல் வேட்டையைத் தடுக்க ஒப்பந்தம் போட்டன. அதற்குள் காலம் கடந்துவிட்டது. 1983இல் இல்லாப்பெல் பக்கத்தில் 4,229 ஹெக்டேரில் ஒரு காப்பகம் அமைத்தார்கள். இன்றும் சின்சில்லா அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில்தான் இருக்கிறது.

பண்ணைக்காரர் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து இனம் பெருக்குவார்? ரோமம் எவ்வளவு அடர்த்தி, நிறம் எவ்வளவு சுத்தம் என்று பார்ப்பார். வெயிலைத் தாங்கும் குட்டி, மனிதர் கைக்குப் பழகும் குட்டி என்று பிரித்து வளர்த்தால் அவருக்கு என்ன லாபம்? நாயை நாம் மாற்றியது போல இதை யாரும் மாற்றவில்லை. நூறு வருடத் தேர்வு இதன் கம்பளியை இன்னும் கனமாக்கியிருக்கிறது. சென்னைக்கு அது உதவியா, கேடா? கையில் இறுக்கிப் பிடித்தால் இன்றைக்கும் அந்த இடத்து ரோமத்தைக் கொத்தாக உதிர்த்துவிட்டு நழுவும். நரி வாயில் ரோமம் மட்டும் மிஞ்சட்டும் என்று உடம்பு கற்ற வித்தை. நம் குழந்தை ஆசையாகக் கட்டிப்பிடிக்கும்போது அதன் உடம்புக்கு ஞாபகம் வருவது அந்த நரி.

குளிப்பாட்ட வேண்டாம் என்பது அரை உண்மை. தண்ணீர் கூடவே கூடாது. ஆனால் குளியல் உண்டு, புழுதிக் குளியல். ஆண்டீஸ் மலையில் எரிமலைத் தூசில் புரண்டு தன் எண்ணெய்ப் பசையைப் போக்கிக்கொள்ளும். வீட்டிலும் மாவு போல நைசான அந்த வகைத் தூளை ஒரு பாத்திரத்தில் போட்டு, வாரத்தில் இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் வைக்க வேண்டும். ஆற்று மணலும் டால்கம் பவுடரும் இதற்கு ஆகாது. மணல் ரோமத்தை அறுக்கும், பவுடர் நுரையீரலில் இறங்கும். மிளகு பாத்திரத்தில் குதித்து உருளும்போது பார்க்கக் கண் கொள்ளாது. பிறகு அந்த அறையில் டிவி, அலமாரி, ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் சாம்பல் படிந்திருக்கும். ஆஸ்துமா உள்ளவர் வீட்டில் இதை யோசிக்கவே கூடாது. நாற்றம் இல்லை என்பதும் கூண்டை நாம் துடைத்துவைக்கும் வரைக்கும்தான். கோபம் வந்தால் பெண் சின்சில்லா எழுந்து நின்று குறிபார்த்து மூத்திரம் பீய்ச்சும்.

தீனி விஷயத்தில் நான் நீட்டி முழக்கப் போவதில்லை. காய்ந்த திமோத்தி புல் எந்நேரமும் இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு ஸ்பூன் தீவனக் குச்சி, தண்ணீர். அவ்வளவுதான். குதிரைமசால் வளர்ந்த பிராணிக்குத் தினசரி உணவாகாது, சுண்ணாம்புச் சத்து அதிகம். உலர்திராட்சையும் முந்திரியும் பாசம் காட்டும் வழி என்று நினைத்துத் தருகிறார்கள். சர்க்கரை உள்ளே போனால் குடலில் காற்று உப்பும். சின்சில்லாவுக்கு வாந்தி எடுக்கவும் முடியாது. எங்கள் வீட்டில் காலை முதல் வேலை புழுக்கை பார்ப்பது. அரிசி மணி போல நீளமாக, காய்ந்து, ஒரே அளவில் இருந்தால் நிம்மதி. சிறுத்தோ, குறைந்தோ போனால் அன்று லீவு. அரை நாள் தின்னவில்லை என்றால் அது அவசரம்.

அவசரம் என்றால் எங்கே ஓடுவது? தொல்லை இல்லை என்பவர்கள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி இதுதான். நாய், பூனை, மாடு பார்ப்பவர்களில் எத்தனை பேர் வாழ்நாளில் ஒரு சின்சில்லாவையாவது தொட்டிருப்பார்கள்? அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், பழக்கமில்லாத உயிர். ஆனால் விளைவு கொடியது. நமக்கும் நாய்க்கும் சர்வ சாதாரணமாக எழுதித் தரும் அமாக்சிசிலின் மருந்தைச் சின்சில்லாவுக்கு வாய்வழி கொடுத்தால், குடலில் புல்லைச் செரிக்கவைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் செத்து, விஷம் கக்கும் கிருமிகள் பெருகி, பிராணியே செத்துவிடும். கிளிண்டாமைசினும் அப்படித்தான். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் கால் புண்ணுக்காகக் கொடுத்த சொட்டு மருந்தில் ஒரு சின்சில்லா போய்விட்டது. மருந்து எழுதியவரும் நல்ல எண்ணத்தில்தான் எழுதினார், கொடுத்த பெண்ணும் வேளை தவறாமல்தான் கொடுத்தாள். அந்தப் பெண் இன்னும் அதைச் சொல்லி அழுகிறாள்.

இன்னொன்று, காது. சின்சில்லாவின் கேட்கும் திறன் மனிதனுடையதற்கு மிக நெருக்கமானது. அதனால்தான் பல பத்தாண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் காது ஆராய்ச்சிக்கு இதைப் பயன்படுத்துகிறார்கள். நம் தெருவில் தீபாவளிக்கு முந்தைய நாளிலிருந்து வெடிக்கும் வெடி அந்தக் காதில் எப்படி விழும்? அந்த மூன்று ராத்திரியும் நானும் மனைவியும் முறை போட்டு அவள் அறையில் படுப்போம். அவள் மரப்பெட்டியை விட்டு வெளியே வருவதில்லை.

ஆயுள் பற்றிக் கடையில் கேட்டால் "பத்து வருஷம் இருக்கும் சார்" என்பார்கள். நன்றாகக் கவனித்தால் 15, 20 வருடம் வாழும். கலிபோர்னியாவில் ஒன்று 29 வயது வரை இருந்தது. அந்த அப்பாவிடம் இந்தக் கணக்கைத்தான் முதலில் போடச் சொன்னேன். பெண்ணுக்கு இப்போது 15. பிளஸ் டூ, கல்லூரி, வேலை, கல்யாணம், ஒருவேளை வேறு நாடு. அவ்வளவையும் தாண்டி அவளுக்கு 35 வயது ஆகும்போதும் இது உயிரோடு இருக்கலாம். அன்றைக்கு யார் வீட்டு ஏசியில்?

யாருமே வளர்க்கக் கூடாதா என்றால், அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. மிளகு இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஆதரவில்லாமல் கைமாறும் பிராணியை, எல்லாம் தெரிந்தவர் ஒருவர் எடுத்து வளர்த்தால் கையெடுத்துக் கும்பிடுவேன். புதிதாக இறக்குமதி செய்து, இனப்பெருக்கம் செய்து, "சுலபம்" என்ற ஒற்றைச் சொல்லால் விற்பதைத்தான் எதிர்க்கிறேன். அந்தச் சொல்லை நம்பி வாங்குபவர்தான் ஆறு மாதத்தில் கூண்டைப் பால்கனிக்கு மாற்றுகிறார்.

அந்த அப்பாவைப் பெண்ணோடு வீட்டுக்கு வரச் சொன்னேன். ஒரு சனிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்கு வந்தார்கள். நல்ல பெண். வந்ததும் கூண்டுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அங்கிள், எப்ப வெளிய வருவா?" "அவளுக்கு இப்போதுதானம்மா விடிகிறது. வருவாள்." ஒன்பது மணி ஆயிற்று. ஒன்பதே முக்கால் ஆயிற்று. மரப்பெட்டி வாசலில் மீசை மட்டும் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. அன்று காலையில் அந்தப் பெண்ணுக்கு டியூஷன் இருந்ததாம், ஆறு மணிக்கே எழுந்தவள். பத்தேகாலுக்கு சோபாவில் சாய்ந்தபடி தூங்கிப்போனாள்.

அதற்குப் பிறகுதான் மிளகு வெளியே வந்தாள். பலகைக்குப் பலகை தாவி, கீழே இறங்கி, புழுதிப் பாத்திரத்தில் குதித்து ஒரு புரட்டுப் புரண்டாள். விளக்கு வெளிச்சத்தில் தூசி எழும்பியது. அப்பா என் காதருகே குனிந்து, "எழுப்பட்டுமா சார்?" என்றார். சத்தம் கேட்டால் உள்ளே போய்விடுவாள் என்று கையால் சாடை காட்டினேன். அவர் மகளையும் கூண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.